ஒரு பக்கத்துப் பூச்சு

டாக்டர் அர்ஜுனன் அந்த நகராட்சிப் பள்ளிக்கு முதன்முதலாக வந்தது 1976 ஜூலையில். வேனிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியும் இரண்டு மரப்பெட்டிகளும், துப்பாக்கி போலப் பிடி வைத்த ஒரு விளக்கும் இறங்கின. தலைமையாசிரியர் அவரை இரண்டாம் வகுப்பு வாசல்வரை கூட்டி வந்தார்.

"டீச்சர், சார் மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காரு. பல் ஆராய்ச்சி பண்றாராம். உங்க கிளாஸ் பிள்ளைங்க வயசுதான் வேணுமாம். கூட இருந்து பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ரஹமத்துன்னிசாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கணவர் கவுஸ் பாஷா சின்னக்கடைத் தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தார். ஒரே பெண் ஜாஹிரா அம்மாவின் வகுப்பிலேயே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளியைச் சுற்றியிருந்த நாலைந்து தெருக்களில் ரஹமத்துன்னிசா சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவதிலிருந்து, வெளியூரில் இருக்கும் மாமியாருக்குக் கடிதம் எழுதுவதுவரை பெண்கள் அவளிடம்தான் வருவார்கள்.

டாக்டர் அதை விசாரித்து அறிந்துகொண்டுதான் வந்திருந்தார். பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

"ஆறு வயசுல பின்னாடி ஒரு கடைவாய்ப்பல் முளைக்குது டீச்சர். மேல ரெண்டு, கீழ ரெண்டு. பால்பல்லுனு நெனச்சு யாரும் கவனிக்கிறதில்ல. அது விழுந்து முளைக்கிற பல் இல்ல. கடைசி வரைக்கும் அதேதான். அதோட மேல்பக்கம் ஊசிமுனை நுழையற மாதிரி பள்ளம் பள்ளமா இருக்கும். திங்கிறதெல்லாம் அங்கதான் போய்த் தங்கும், சொத்தையாகும். அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே ஒரு பூச்சு வெச்சு மூடிட்டா?"

"சொத்தையே வராதுங்களா?"

"வராதுன்னு வெளிநாட்டுல சொல்றாங்க. எத்தனை வருஷத்துக்கு அந்தப் பூச்சு நிக்கும்கிறதுதான் சரியாத் தெரியல. அதைத்தான் நாம பார்க்கப் போறோம்."

'நாம' என்று அவர் சொன்னது ரஹமத்துன்னிசாவுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் நிபந்தனையைச் சொன்னார். வாயில் ஒரு பக்கத்துப் பற்களுக்கு மட்டும் பூச்சு. மறுபக்கம் அப்படியே விடப்படும்.

"ரெண்டு பக்கமும் பூசினா என்னங்க சார்?"

"பல் நல்லா இருக்கிறதுக்குக் காரணம் பூச்சா, அந்தப் பிள்ளையோட உடம்புவாகானு தெரியாமப் போயிடும். ஒரே வாய், ஒரே சாப்பாடு. ஒரு பக்கம் பூச்சு, ஒரு பக்கம் சும்மா. அப்பதான் வித்தியாசம் தெரியும்."

அவளுக்குப் புரிந்தது. அதிலிருந்த நியாயமும் பிடித்தது. அன்று மாலையே தாய்மார்களை வரச் சொல்லி, டாக்டர் சொன்னதை அவர்கள் மொழியில் சொன்னாள். பல்லில் பூச்சி விழாமல் இருக்க ஒரு பூச்சு என்று அவள் சொன்னதும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி ஊசி போடுவார்களா என்று கேட்டாள். இல்லை என்றதும் பாதிப்பேர் சம்மதித்தார்கள். மீதிப்பேர் தயங்கியபோது ரஹமத்துன்னிசா, "என் பொண்ணைத்தான் முதல்ல உக்கார வெக்கப் போறேன்" என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். எந்தப் பக்கம் சும்மா விடப்படும், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவளும் அதை நிறுத்தி நிதானமாகச் சொல்லவில்லை.

நாலு நாள் வேலை நடந்தது. எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்ய டாக்டரின் உதவியாளர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டினார். தலை விழுந்தால் வலது, பூ விழுந்தால் இடது. பஞ்சை அடைத்து, புளிப்பாக ஏதோ தடவி, கழுவி, காற்றடித்துக் காயவைத்து, நுண்ணிய தூரிகையால் பல்லின் மேல் பூசுவார்கள். பிறகு அந்தத் துப்பாக்கி விளக்கை வாய்க்குள் காட்டுவார்கள். ஊதா நிற வெளிச்சம் அரை நிமிடம். பிள்ளைகள் அதற்கு 'ஊதா லைட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மின்சாரம் போனால் வேலை நிற்கும். மத்தியானத்துக்குப் பிறகு சூரியன் ஊருக்கு மேற்கே இருந்த மலைக்குப் பின்னால் சாய்ந்துவிட்டால் அந்த வகுப்பில் வாய்க்குள் பார்க்க வெளிச்சம் போதாது. அதனால் காலையில் மட்டும்தான் செய்தார்கள். மொத்தம் அறுபத்திரண்டு பிள்ளைகள்.

ஜாஹிராவுக்குத் தலை விழுந்தது. வலது பக்கம்.

அவள் பக்கத்தில் உட்காரும் திரௌபதிக்குப் பூ. இடது பக்கம்.

திரௌபதி அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி. கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா சந்திரம்மாள் அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு மில்லில் வேர்க்கடலை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். "இது படிச்சு டீச்சராவட்டும், உங்கள மாதிரி" என்று பார்க்கும்போதெல்லாம் ரஹமத்துன்னிசாவிடம் சொல்வாள்.

அடுத்த வருடம் டாக்டர் வந்து பார்த்தபோது ஏழெட்டுப் பேருக்குத்தான் பூச்சு விழுந்திருந்தது. பூசிய பற்களில் சொத்தை ஒன்றுகூட இல்லை. அவர் சந்தோஷமாகப் பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுத்தார். மெட்ராஸ் டாக்டர் வருடா வருடம் தங்கள் பிள்ளையின் வாயைப் பார்க்க வருகிறார் என்பது தாய்மார்களுக்குப் பெருமையாக இருந்தது.

1978இல் நிலைமை மாறியிருந்தது. பூசிய பக்கம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. பூசாத பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொத்தை தொடங்கிவிட்டது. திரௌபதியின் வலது கீழ்ப்பல்லில் பென்சில் முனையால் குத்தியது போல ஒரு கறுப்புப் புள்ளி. ரஹமத்துன்னிசா குனிந்து பார்த்தாள்.

"இதை இப்பவே அடைச்சுடலாமில்லீங்க சார்?"

"அடைக்கலாம். சின்னதுதான். ஆனா நாங்க அதுக்கான சாமான் எதுவும் கொண்டு வரல டீச்சர்."

"அப்படின்னா இந்தப் பக்கமும் அந்தப் பூச்சையே வெச்சுடுங்க, இன்னும் சொத்தை வராத பிள்ளைங்களுக்காவது. அது நல்லா வேலை செய்யுதுன்னுதான் தெரிஞ்சு போச்சே."

"ரெண்டு வருஷம் நிக்குதுன்னு தெரிஞ்சுது. அஞ்சு வருஷம் நிக்குமா? இப்ப அந்தப் பக்கமும் பூசிட்டா எதை வெச்சு அதைச் சொல்றது?"

"பூச்சு விழுந்துபோன பிள்ளைங்களுக்கு மட்டும் மறுபடி..."

"விழறதையும் எழுதிக்கணும் டீச்சர். அதுவும் ஒரு முடிவுதான்."

அவர் கோபப்படவில்லை. கடுமையாகவும் சொல்லவில்லை. இந்த அறுபது பிள்ளைகளால் நாளைக்கு லட்சம் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கும் என்று சொன்னார். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஜாஹிராவை அவர் கடைசியில் பார்த்தார். இடது கீழ்ப்பல்லின் பள்ளத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. கூரான கம்பியை அதில் வைத்து மெல்ல அழுத்தினார்.

"இன்னும் சொத்தையாகல. ஆனா ஒரு வருஷம் தாங்காது."

மற்ற பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் போனபிறகு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே ரஹமத்துன்னிசா பக்கம் வந்தார்.

"நீங்க இல்லைன்னா இந்த வேலையே நடந்திருக்காது டீச்சர். ஜாஹிராவுக்கு மட்டும் அந்தப் பக்கமும் பூசி விட்டுடறேன். லிஸ்ட்டிலிருந்து அவ பேரை எடுத்துடலாம், ஒண்ணு குறைஞ்சா பரவாயில்ல. வெளியில மட்டும் சொல்லிக்க வேணாம்."

அவள் தலையசைத்தாள்.

"இன்னொண்ணு. மத்த தாய்மாருங்க கேட்டா, நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்க. நடுவுல ஆளாளுக்குப் போய் அடைச்சுக்கிட்டு வந்துட்டா இத்தனை வருஷ வேலையும் வீணாயிடும்."

அதற்கும் தலையசைத்தாள். வெகுநேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. தன் பெண்ணின் பல்லில் அந்தப் பழுப்புக் கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அதை மூடும் மருந்து எதிரே பெட்டிக்குள் இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஜாஹிரா வாயைக் கொப்பளித்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த வருடம், டாக்டர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, சந்திரம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். மில்லிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையெல்லாம் கடலைத் தோலின் செந்தூசு.

"இன்னா டீச்சர், பாப்பா வலது பக்கம் ஒண்ணுமே மெல்ல மாட்டேங்குது. பல்லுல ஓட்டை கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா? ஒரு நாள் வேலையை விட்டாலும் பரவால்ல."

கேட்டது அவ்வளவுதான். 'போங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்திரம்மாள் மறுநாள் காலையிலேயே போயிருப்பாள்.

"டாக்டர்தான் வருஷா வருஷம் வந்து பார்க்கிறாரே சந்திரம்மா" என்றாள் ரஹமத்துன்னிசா. "அவருக்குத் தெரியாததா? அடுத்த மாசம் வராரு. பயப்படாதீங்க."

"அவரு பார்க்கிறாருன்னா செரி" என்றாள் சந்திரம்மாள். முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னா எனக்குப் போதும் டீச்சர்."

அடுத்த மாதம் டாக்டர் வந்தார், பார்த்தார், உதவியாளர் எழுதிக்கொண்டார், போனார்கள். பார்ப்பதே வைத்தியம் என்றுதான் அந்தத் தெருக்களில் எல்லோரும் நினைத்தார்கள். அது வைத்தியமல்ல என்று தெரிந்த ஒரே ஆள் ரஹமத்துன்னிசா.

1980இல் திரௌபதிக்குப் பல்வலி வந்தது. இரண்டு வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். கிராம்பை வைத்து அழுத்தினார்கள். பிறகு வலி தானாக நின்றுவிட்டது. தெருவில் பார்த்த சந்திரம்மாள், "வலி போயிடுச்சு டீச்சர், சாமி புண்ணியம்" என்றாள்.

ஐந்தாம் வருடப் பரிசோதனைதான் கடைசி என்று சொல்லியிருந்தார்கள். 1981 ஜூலையில் டாக்டர் திரௌபதியின் வாயைப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பல்லின் வேர் செத்துவிட்டது, அதனால்தான் வலி இல்லை என்பது ரஹமத்துன்னிசாவுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அப்படி இருபது சீட்டு எழுதினார். ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் இனி யார் போய் அடைத்துக்கொண்டாலும் தடையில்லை.

திரௌபதி சீட்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள். வலிதான் போய்விட்டதே, எதற்கு ஒரு நாள் வேலையை விட வேண்டும் என்று சந்திரம்மாள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தாள். ரஹமத்துன்னிசா போய் வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் அவசரம் என்று இப்போது சொன்னால், இரண்டு வருடம் முன்பு பயப்படாதீர்கள் என்று ஏன் சொன்னீர்கள் என்ற கேள்வி வரும். அவள் போகவில்லை.

எட்டாம் வகுப்பில் உதவித்தொகைப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் தேறினால் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்க அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அந்தப் பள்ளியிலிருந்து யாராவது தேறுவார்கள் என்றால் அது திரௌபதிதான் என்று எல்லோருக்கும் தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் அவளுக்கு வலது தாடை வீங்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பரீட்சை மணி அடித்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாடைக்குக் கீழே சீழ் உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. வலது பக்கம் இரண்டு கடைவாய்ப்பற்களையும் பிடுங்கினார்கள். பிழைத்துக்கொண்டாள். தாடைக்குக் கீழே தோல் உள்ளே இழுத்துக்கொண்டு கட்டைவிரல் அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

ரஹமத்துன்னிசா ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனாள். சந்திரம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. வேதனையில் இருக்கிறாள் என்று ரஹமத்துன்னிசா நினைத்துக்கொண்டாள். அந்தக் கோடை விடுமுறையில் தாயும் மகளும் சந்திரம்மாளின் பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டார்கள். திரௌபதி ஒன்பதாவது சேரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள்.

நாலு வருடம் கழித்து டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது அவர் பேராசிரியர். பத்தாம் வருடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்த நாட்டில் யாரும் செய்யாத வேலையாக இருக்கும் என்று எழுதியிருந்தார். 'தாங்கள்தான் உதவ வேண்டும்.'

ரஹமத்துன்னிசா வீடு வீடாக அலைந்தாள். சில பிள்ளைகள் கடைகளில் வேலைக்கு இருந்தார்கள். சில பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. முப்பத்தேழு பேர் வரச் சம்மதித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சி பஸ்ஸில் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கினாள்.

சந்திரம்மாள் வீட்டு வாசலில் தாயும் மகளும் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். திரௌபதிக்குப் பதினேழு வயது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தழும்பை மறைத்திருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்று திரௌபதிதான் சொன்னாள். சந்திரம்மாள் தலையைத் தூக்கவில்லை.

ரஹமத்துன்னிசா வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் சந்திரம்மாள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

"மூணு எடத்துலேர்ந்து வந்து பொண்ணு பார்த்துட்டுப் போயிட்டாங்க டீச்சர். கழுத்துல இன்னா அதுன்னு கேக்கிறாங்க. பல்லுல வந்ததுன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. இன்னாவோ வியாதின்னு பேசிகினு போறாங்க."

"சந்திரம்மா, எனக்கு..."

"உங்க பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் பூசினாங்களாமே."

ரஹமத்துன்னிசா திரௌபதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜாஹிரா அப்பவே என்கிட்ட சொல்லுச்சு" என்றாள் திரௌபதி. குரல் உயரவில்லை. "மூணாவது நாலாவது படிக்கும்போது. எனக்கு ரெண்டு தபா ஊதா லைட்டு வெச்சாங்கன்னு. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரியில படுத்துகினு இருக்கும்போதுதான் புரிஞ்சுது. அம்மாகிட்ட சொன்னேன்."

"நாலு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சு இன்னா பண்றது?" என்றாள் சந்திரம்மாள். "உங்க பொண்ணுக்குப் பூசினதை நான் தப்புன்னு சொல்லல. என் கையில மருந்து இருந்தா நானும் எம் பொண்ணுக்குத்தான் மொதல்ல வெப்பேன். நான் வந்து கேட்டேன் பாருங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டான்னு. அன்னிக்கு நீங்க சொன்ன வார்த்தை இருக்குது பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

சந்திரம்மாள் மறுபடி செடியைக் கையில் எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தாள். கடைசியில் திரௌபதி, "நான் வரேன் டீச்சர்" என்றாள். "ஆனா ஜாஹிராவையும் இட்டுகினு வரணும். என் பக்கத்துல உக்கார வெக்கணும். அப்படின்னாதான் நான் வாயைத் திறப்பேன்."

பரிசோதனை அதே பள்ளியில், அதே வகுப்பறையில் நடந்தது. ஜாஹிரா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எதற்கு என்று அம்மா சொல்லாமலே கூட்டி வந்திருந்தாள். திரௌபதியைப் பார்த்ததும் ஜாஹிரா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். திரௌபதி கையை உருவிக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. திரௌபதியின் வாயைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இடது பக்கம் இரண்டு பற்களிலும் பத்து வருடப் பூச்சு அப்படியே இருந்தது. வலது பக்கம் வெறும் ஈறு. "பாருங்க, ஒரே வாய்" என்று உதவியாளரிடம் சொன்னவர், பெண்ணின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"இப்ப இவளைப் பாருங்க சார்" என்றாள் திரௌபதி.

டாக்டர் ஜாஹிராவைப் பார்த்தார். பிறகு ரஹமத்துன்னிசாவைப் பார்த்தார். "இவங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா."

மேஜைமேல் கிடந்த பட்டியலை ஜாஹிரா எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. தன் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, எதிரே சிறியதாக ஏதோ எழுதியிருப்பதைப் படித்தாள்.

"ஊரை விட்டுப் போயிட்டதா எழுதியிருக்கு" என்றாள். "நான் எங்கம்மா போனேன்?"

டாக்டர் சற்றுத் தயங்கி, ஜாஹிராவை நாற்காலியில் உட்காரச் சொல்லி வாய்க்குள் விளக்கைக் காட்டினார். திரௌபதி எழுந்து வந்தாள். "எனக்கும் காட்டுங்க சார்" என்றாள். அவர் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. நாலு பல்லும் முத்துப்போல இருந்தன. திரௌபதி ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். வாயைத் திறந்து வைத்திருந்த ஜாஹிராவின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவளுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் கடைசியாகப் போய் நின்றதும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் பெருமையாகச் சொன்னதும்.

"வலது பக்கம் பல் கட்டிக்கலாம்மா" என்றார் டாக்டர் திரௌபதியிடம். "மெட்ராஸுக்கு வந்தா நானே பார்க்கிறேன்."

"நீங்க பார்த்தது போதும் சார்" என்று சொல்லிவிட்டுத் திரௌபதி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ரஹமத்துன்னிசா டாக்டரிடம், "ஜாஹிராவையும் எழுதிக்குங்க சார். ரெண்டு பக்கமும் பூசின பிள்ளை எப்படி இருக்குதுன்னு எழுதுங்க. நாமதான் பூசினோம்னு எழுதுங்க" என்றாள்.

"அதெல்லாம் எழுத முடியாது டீச்சர்" என்றார் அவர். வருத்தத்துடன்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தேரடி வீதிக்கு வந்ததும் ஜாஹிரா நின்றாள். "எத்தனை பேருக்கும்மா அப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு மட்டும்தான்."

"அத்தாவுக்குத் தெரியுமா?" என்று தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

"தெரியாது."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அம்மாவிடம் சண்டை போடவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேலை செய்வாள், படிப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்தவற்றை அம்மாவிடம் உட்கார்ந்து சொல்கிற பழக்கம் அன்றோடு நின்றது. டீச்சர் டிரெயினிங் சேருவதாக இருந்தவள் அந்த விண்ணப்பத்தை நிரப்பவில்லை. இரண்டு முறை தனியாகக் கீழ்பென்னாத்தூருக்குப் போய் வந்தாள். முதல் தடவை திரௌபதி பேசினாளாம். இரண்டாம் தடவை சந்திரம்மாள் வாசலிலேயே நிறுத்தி, "இனிமே வராத கண்ணு, உன்னைப் பார்த்தா அதுக்கு ராவெல்லாம் தூக்கம் வரல" என்று அனுப்பிவிட்டாளாம். இதையும் ஜாஹிரா தன் அப்பாவிடம்தான் சொன்னாள். அவர் சொல்லித்தான் ரஹமத்துன்னிசாவுக்குத் தெரிந்தது.

1988இல் ஒரு தபால் வந்தது. வழவழப்பான தாளில் எட்டுப் பக்கம் அச்சடித்த ஆங்கிலக் கட்டுரை. பத்து வருடத்துக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட பற்களில் பூச்சு முழுதாக நிற்கிறது, பூசாத பற்களில் மூன்றில் இரண்டு பங்கு கெட்டுவிட்டது என்று அதில் இருந்தது. கடைசியில் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வரி நன்றி. தலைமையாசிரியர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "நம்ம ஸ்கூல் பேரைக் காணமே" என்று திருப்பிக் கொடுத்தார்.

ரஹமத்துன்னிசா டாக்டருக்குக் கடிதம் எழுதினாள். பூச்சு பத்து வருடம் நிற்கும் என்றுதான் தெரிந்துவிட்டதே, இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் இரண்டு பக்கமும் வந்து பூசிவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டாள். அவர் கைப்பட எழுதிய பதில் பதினைந்தே நாளில் வந்தது. அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது, ஆராய்ச்சிக்கு வந்தது தீர்ந்துவிட்டது, பள்ளிகளுக்கென்று திட்டம் எதுவும் இல்லை, பரிந்துரைத்திருக்கிறேன், நம்பிக்கையோடு இருப்போம் என்று எழுதியிருந்தார்.

அந்த ஜூலையில் அவள் ஒரு டார்ச் வாங்கினாள். தன் வகுப்புப் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி தெரிந்த பிள்ளைகளின் தாய்மார்களை வரச் சொல்லி, தள்ளிப் போடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கதை அந்தத் தெருக்களில் எப்போதோ பரவியிருந்தது.

தனம் என்கிற ஒருத்தி மட்டும் நின்றாள். அவள் அக்கா மகன் அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவன்.

"ஆஸ்பத்திரிக்குப் போ, போவாதன்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர்" என்றாள். "உங்க பொண்ணுக்கு இன்னா பண்ணீங்களோ, அதை எம் பொண்ணுக்கும் பண்ணுங்க. அது போதும்."

அந்தச் சின்னப்பெண் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாலு கடைவாய்ப்பற்களும் புதிதாக முளைத்திருந்தன. இன்னும் ஒன்றும் கெடவில்லை.

"அது என்கிட்ட இல்ல தனம்" என்றாள் ரஹமத்துன்னிசா.

தனம் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். ரஹமத்துன்னிசா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.